யாருடைய மாடு? காலனிய இறைச்சிச் சட்டங்கள் முதலில் கேட்ட கேள்வி

2020 செப்டம்பரில் இலங்கை அமைச்சரவை மாடு வெட்டுவதைத் தடை செய்யும் யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்காகத் திருத்தவேண்டிய சட்டங்களைத் தேடியபோது, 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தோடு இன்னொன்றும் தலைகாட்டியது: 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணியின் காலத்தில் இலங்கையின் கசாப்புக்காரர்களுக்காக எழுதப்பட்டது. இரண்டு உலகப் போர்கள், சுதந்திரம், இரண்டு குடியரசு அரசியலமைப்புகள் எல்லாம் கடந்துபோயும் 127 ஆண்டுகளாக அது இருந்த இடத்திலேயே இருந்தது.

கசாப்புக் கடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றதும் நமக்குத் தோன்றுவது கெட்டுப்போன கறி, நோயுற்ற மாடு, ஈ மொய்க்கும் மேசை. இந்தச் சட்டத்துக்குள் போனால் வேறொரு கவலைதான் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆண்டுதோறும் உரிமம் எடுக்காமல் எவரும் இறைச்சித் தொழில் செய்யக்கூடாது. வெட்டப்போகும் மாடு தன்னுடையது என்று காட்டவேண்டும். யாரிடம் வாங்கினார், மாட்டின் அடையாளம் என்ன, அதன் உடம்பில் என்ன குறி சுடப்பட்டிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதவேண்டும். கறி நல்லதா என்பதைவிட மாடு யாருடையது என்பதில்தான் சட்டத்துக்கு அக்கறை. சுருக்கமாகச் சொன்னால், சுகாதாரச் சட்டத்தின் சட்டை போட்டுக்கொண்ட திருட்டுத் தடுப்புச் சட்டம் இது.

காரணம் ஊர்ப்புறங்களில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் மாட்டுத் திருட்டு என்பது அதிகாரிகள் ஓயாமல் புலம்பிய குற்றம். உழவுக்கு மாடு, சூடு மிதிக்க (நெற்கதிரை மிதித்து மணி பிரிக்க) எருமை, ரயில் வருமுன் மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புக்கு இறக்க வண்டி மாடு. விவசாயியின் கையில் இருந்த ஒரே நடமாடும் சொத்து அதுதான். திருடனுக்கும் அதுதான் வசதி. நெல் மூட்டையைத் தூக்கவேண்டும், மாடு தானே நடந்து வரும். இரவோடு இரவாக அடுத்த மாவட்டத்துக்கு ஓட்டிப்போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. திருடிய மாட்டை உரியவரிடமே பணம் வாங்கிக்கொண்டு ‘கண்டுபிடித்து’ கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

இதற்கெதிராக விவசாயியிடம் இருந்த ஒரே ஆவணம் மாட்டின் தோல். உரிமையாளரின் எழுத்தையோ ஊர்க் குறியையோ காய்ச்சிய இரும்பால் சுட்டு வைப்பார்கள். குறி சுடுவது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கமில்லை; பழைய வழக்கத்தை எடுத்து அரசு தன் ஏட்டில் ஏற்றிக்கொண்டது. குறியின்மேல் குறி சுட்டு மறைக்கலாம் என்பது திருடனுக்கும் தெரியும். அதைவிட எளிய வழி மாட்டை வெட்டிவிடுவது. தோல் ஒரு வழியாகவும் கறி இன்னொரு வழியாகவும் போனபின், துண்டுபோட்ட எந்தக் கறிக்கும் சொந்தக்காரர் பெயர் கிடையாது. கசாப்புக் கடை சாட்சியம் அழியும் இடம் என்று அரசு பார்த்தது. அதனால்தான் கத்தி இறங்குமுன் பேனா இறங்கவேண்டும் என்றது. மாட்டுக் குறிகளையும் கைமாற்றங்களையும் ஒழுங்குபடுத்த 1898இல் தனியாக இன்னொரு கட்டளைச் சட்டமும் வந்தது. அது வரும்வரைகூடப் பொறுக்காமல் கசாப்புக்காரரைத்தான் முதலில் பிடித்தார்கள். ஊர் ஊராகத் திருடனைத் தேடுவதைவிட உரிமம் வாங்கிய ஒருவரின் கதவைத் தட்டுவது எந்த நிர்வாகத்துக்கும் எளிது.

இதே 1893இல் பாக் நீரிணைக்கு வடக்கே நடந்தது வேறு கதை. அந்த ஆண்டு ஜூனில், பக்ரீத்தை ஒட்டி, ஆசம்கர் மாவட்டத்தின் மவு ஊரிலும் சுற்றுப்புறங்களிலும் பசுவதையை முன்னிட்டுப் பெருங்கலவரம் வெடித்தது. ஆகஸ்டில் பம்பாய் பற்றி எரிந்தது. ஒரே பேரரசு, ஒரே ஆண்டு, ஒரே விலங்கு. கொழும்பில் மாடு உடைமைப் பிரச்சினை. வட இந்தியாவில் அது பொது அமைதிப் பிரச்சினை.

அந்தப் பிரச்சினையின் ஒரு வேர் அமிர்தசரஸில் இருக்கிறது. சீக்கியர் ஆட்சியில் அங்கே பசுவதை கிடையாது. 1847இல், பஞ்சாப் இன்னும் முழுதாகப் பிரிட்டிஷார் கைக்கு வராத நாளில், லாகூரில் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ஹென்றி லாரன்ஸ் ஓர் உத்தரவு போட்டார்: பொற்கோயிலுக்குள் வெள்ளையர் காலணியோடு நுழையக்கூடாது, அமிர்தசரஸில் பசுக்களைக் கொல்லக்கூடாது. அது செப்புத் தகட்டில் பொறித்தும் வைக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் பஞ்சாப் இணைக்கப்பட்டது; தகடு அங்கேயே இருக்க, தடை மட்டும் நீங்கிவிட்டது. நகருக்கு வெளியே கொல்களம் எழுந்தது. 1871 ஜூனில் ஓர் இரவு சீக்கியரில் ஒரு சீர்திருத்தப் பிரிவினரான நாம்தாரிகள் சிலர் அமிர்தசரஸ் கசாப்புக்காரர்கள்மீது பாய்ந்தனர். நான்கு பேர் இறந்தனர். மறுமாதம் ராய்கோட்டிலும் அதேபோல் நடந்தது. 1872 ஜனவரியில் மலேர்கோட்லாவைத் தாக்கிய நாம்தாரிகளில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் முறையான விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள். அதற்கு உத்தரவிட்ட துணை ஆணையர் கோவன் வேலையை இழந்தார்.

அதே 1872இல் வந்த பஞ்சாப் சட்டங்கள் சட்டத்தில் 43ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மாகாண அரசு வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டே மாடு வெட்டுவதும் மாட்டிறைச்சி விற்பதும் நடக்கவேண்டும் என்கிறது அது. ஒரே வாக்கியம், கறியின் தரம்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்கே வெட்டலாம், எப்படி மறைத்து எடுத்துப்போகலாம், யார் கண்ணில் படக்கூடாது என்பதெல்லாம் அந்த ஒற்றை வாக்கியத்தின் மறைவில்தான் தீர்மானமாயின.

1887இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த இமாம் அலி வழக்கு இன்னொரு முடிச்சு. ஒரு சமயத்தார் புனிதமாகக் கருதும் பொருளைச் சேதப்படுத்துவது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. பசு அத்தகைய ‘பொருள்’ ஆகுமா என்பது கேள்வி. உயிருள்ள விலங்கு அந்தச் சொல்லுக்குள் வராது என்றது நீதிமன்றம். இலக்கணமாகப் பார்த்தால் நியாயமான முடிவு. ஆனால் பசுப் பாதுகாப்புச் சபைகள் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த வேளை அது. கதவு சாத்தப்பட்டதாகவே அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் முடியாதது தெருவுக்கு வந்தது.

மாவட்ட அதிகாரிகள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து ‘மாமூல்’. எந்த ஊரில் எந்த இடத்தில் வெட்டும் வழக்கம் முன்பிருந்தே இருக்கிறதோ அங்கே தொடரலாம். இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்கக்கூடாது. கேட்பதற்கு நடுநிலை போலத்தான் இருக்கும். நடைமுறையில் அது சண்டைக்கு வட்டி கட்டியது. இந்த ஆண்டு ஒருமுறை வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டு அது மாமூல். இந்த ஆண்டு தடுத்துவிட்டால் தடுத்ததே மாமூல். இரு தரப்பும் ஒவ்வொரு பக்ரீத்திலும் அடுத்த ஆண்டுக்கான ஆதாரத்தைத் தயாரிக்க இறங்கின. விதியே வம்பை வளர்த்த கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்லமுடியாது.

கலவரத்தின் சூடு தணியாத 1893 டிசம்பரில் விக்டோரியா மகாராணி வைஸ்ராய் லான்ஸ்டவுனுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. முஸ்லிம்கள் பசு வெட்டுவது சாக்குதான், உண்மையில் இந்தக் கிளர்ச்சி நமக்கு எதிரானது, நம் படைக்காக நாம்தான் அதிகமாக வெட்டுகிறோம் என்ற பொருளில் எழுதியிருந்தார். அதிகாரிகளின் அறிக்கைகள் சுற்றி வளைத்துக் கடந்துபோன விஷயத்தை அரண்மனையிலிருந்த மூதாட்டி போட்டு உடைத்துவிட்டார்.

படை என்றதும்தான், ஒருவழியாக, கறிக்குள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறோம்.

1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பின் இந்தியாவில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (ஒரு பவுண்டு) இறைச்சி. எல்லா நாளும் மாட்டிறைச்சி இல்லை. இருந்தாலும் ஒரு சிறிய நாட்டு மாட்டில் இருநூறு ராத்தல் தேறும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நாளைக்கு முந்நூறு மாடு வரும். இந்தச் சிப்பாய்கள் போரில் செத்ததைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்ததே அதிகம். 1863இல் வெளியான அரச ஆணைய அறிக்கை அவர்களின் இறப்பு விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 என்றது. உடனே சுகாதாரத்தில் அக்கறை பிறந்தது. 1864இல் கண்டோன்மெண்டுகள் எனப்படும் படைமுகாம்களுக்கென்றே சட்டம் வந்தது. தண்ணீர், சாக்கடை, சாராயம், விபசாரம் எல்லாவற்றோடும் கறியும் கண்காணிப்புக்குள் வந்தது.

பஞ்சாபின் படைமுகாம்களில் 1860களின் இறுதியில் வெட்டிய 13,818 மாடுகளைப் பார்த்ததில் 768இல் நீர்க்கொப்புளப் புழு இருந்தது. நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். இந்தப் புழு நாடாப்புழுவின் குழந்தைப் பருவம். கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ராணுவ மருத்துவர் திமோத்தி ரிச்சர்ட்ஸ் லூயிஸ் 1872இல் இதற்கென்றே ஓர் அறிக்கை எழுதினார். அதன் நோக்கம் தலைப்பிலேயே இருந்தது: மாட்டிறைச்சியிலும் பன்றி இறைச்சியிலும் காணும் கொப்புளப் புழுக்கள், இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் சிப்பாயின் உடல்நலத்தைப் பாதிக்கும் அளவில்.

பார்ப்பதற்கு இது அரிசி மணியளவுள்ள, சற்றே ஒளி ஊடுருவும் வெள்ளைக் கொப்புளம். சதைநார்களுக்கு இடையே புதைந்திருக்கும். நகத்தால் நெருடினால் நழுவும். கிழித்தால் சொட்டு நீரும் அதற்குள் வெள்ளைப் புள்ளியாகப் புழுவின் தலையும் தெரியும். ஓயாமல் வேலை செய்யும் தசைகளில்தான் அதிகம் தங்கும்: தாடைச் சதை, நாக்கு, இதயம். அதனால் சோதிப்பவர் தொடையை விட்டுவிட்டுத் தலையைத்தான் முதலில் கேட்பார். தாடைச் சதையை எலும்புக்கு இணையாக நீளவாக்கில் கீறி, புத்தகத்தைப் புரட்டுவதுபோல விரித்துப் பார்ப்பார். நாக்கை அடியிலிருந்து நுனிவரை விரலால் அழுத்திப் பார்ப்பார். இன்றைக்கும் இறைச்சிச் சோதனையின் பாலபாடம் இதுதான்.

புழு எங்கிருந்து வந்தது என்பதில்தான் சுவாரசியம். நாடாப்புழு வளர்வது மனிதக் குடலில். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, திறந்தவெளியில் மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போகின்றன. அரைவேக்காட்டுக் கறியாகத் திரும்ப மனிதனிடம் வருகின்றன. ஆக, மாட்டின் நோய் என்று எழுதியது முகாமின் கழிப்பிட நோய்தான். கறியை உள்வரை வேகவைத்தால் புழு செத்துவிடும் என்பதையும் சோதனைகள் காட்டின. ஊர்க்காரர் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். உள்ளே சிவப்பாக இருக்கும் கறியை விரும்பியவர்களுக்குத்தான் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

முகாமின் வேலிக்கு வெளியே அத்தனை நுணுக்கம் இல்லை. நகரங்களின் முதல் கவலை நாற்றம். பம்பாயின் முதல் நகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டு 1860களில் கொல்களங்களை ஊருக்குள்ளிருந்து பெயர்த்து, மாஹிம் கழிமுகத்துக்கு அப்பாலிருந்த பாந்த்ராவுக்குத் துரத்தினார். வெட்டுவது அங்கே, விற்பது இங்கே. 1869இல் எழுந்த, அவர் பெயராலேயே வழங்கிய சந்தையில் கறி, பழம், காய் என்று பிரித்துவைத்தார்கள். வெட்டும் இடமும் விற்கும் இடமும் பிரிந்தபோது வாங்குபவர் விலங்கைப் பார்க்கும் வாய்ப்பு போயிற்று. முன்பு கடைக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்து, ‘இதை வெட்டும்போது சொல்’ என்று போனவர், இப்போது தொங்கும் தொடையை மட்டுமே பார்க்கிறார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் முத்திரை வந்தது. நம் ஊர்க் கறிக்கடையில் ஆட்டுத் தொடையின்மேல் ஊதா மையில் அரைகுறையாகத் தெரியுமே ஒரு வட்டம், அதன் வேலை இதுதான்: நீ பார்க்காத ஆட்டை உனக்காக வேறொருவர் பார்த்துவிட்டார்.

பார்த்தாரா? தண்டனைச் சட்டத்தின் 273ஆம் பிரிவு, உண்ணத் தகாத உணவை விற்றால் ஆறு மாதம்வரை சிறை, ஆயிரம் ரூபாய்வரை அபராதம் என்றது. 1860க்கு அது பெரிய தொகை. ஆனால் தகாதது என்று தெரிந்தே, அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தும் விற்றிருக்கவேண்டும். கசாப்புக்காரருக்குத் தெரியும் என்று யார் நிரூபிப்பது? நிரூபிக்கவேண்டுமானால் நோயை அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் கொல்களத்தில் நிற்கவேண்டும். அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். குதிரைகளுக்காகவே ராணுவம் கால்நடை மருத்துவர்களை வைத்திருந்தது. குடிமக்களின் கால்நடைக்கென்று தனித் துறை வந்ததே 1892இல். சென்னை வேப்பேரியின் டாபின் ஹாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903 அக்டோபரில், இருபது மாணவர்களோடு.

பெரம்பூரின் கொல்களம், சென்னைவாசிகள் ஆட்டுத்தொட்டி என்று சொல்லும் இடம், அதுவும் 1903இல் வந்ததுதான். வேப்பேரிக்கும் அதற்கும் நடை தூரம். ஆனாலும் சென்னை மாகாணத்தின் சின்ன ஊர்களில் தொட்டியை எட்டிப்பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் தலையில்தான் விழுந்தது. அவருக்குச் சாக்கடையும் அம்மை ஊசியும் பிறப்பு இறப்புக் கணக்கும் ஏற்கெனவே இருந்தன. தொட்டிக் கட்டணம் நகராட்சிக்கு வருமானம். அதை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடவும் சட்டம் இடம் கொடுத்தது. தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் குத்தகைதாரருக்கு, ஆய்வாளர் ஒதுக்கித் தள்ளும் ஒவ்வொரு ஆடும் நஷ்டம். யார் பேச்சு எடுபட்டிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமும் இன்னொரு நெளிவையும் வைத்திருந்தன. பொதுவாக உரிமம் பெற்ற தொட்டிக்கு வெளியே வெட்டக்கூடாது. ஆனால் திருவிழா, சடங்கு நாட்களில் வேறு இடங்களில் வெட்ட அதிகாரி அனுமதிக்கலாம். அம்மன் கோவில் கிடா வெட்டும் பக்ரீத் குர்பானியும் அந்த ஒரு வரியில் சேர்ந்தே நிழல் தேடிக்கொண்டன. நாடு முழுமைக்குமான 1890ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் அப்படித்தான். தேவையற்ற கொடுமையோடு கொல்வதைக் குற்றமாக்கிவிட்டு, சமயச் சடங்குப்படி கொல்வது இதில் வராது என்று ஒதுங்கிக்கொண்டது. 1857ஐ மறக்காதவர்களின் எச்சரிக்கை அது.

கடைசியாக ஒரு போர். 1944இல் படைகள் குவிந்திருந்த இந்தியாவில் உழவு மாட்டுக்கும் பால்மாட்டுக்கும் தட்டுப்பாடு வந்தது. மூன்று வயதுக்குக் கீழான மாடு, மூன்றிலிருந்து பத்து வயதுவரை உழைக்கத்தக்க எருது, அதே வயதில் பால் தரத்தக்க பசு, சினை மாடு ஆகியவற்றை வெட்டக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. மகாராணி சொன்னதை அவர் வாரிசுகளின் அரசு ஐம்பது ஆண்டு கழித்துச் சட்டமாக்கியது என்றுகூடச் சொல்லலாம். இந்தப் பத்து வயதுக் கோடு போருக்குப் பின்னும் அழியவில்லை. தமிழ்நாட்டில் இன்றும் உள்ள 1958ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம், மாடு பத்து வயதைத் தாண்டிவிட்டது, உழைக்கவோ இனப்பெருக்கத்துக்கோ உதவாது என்று சான்று கேட்கிறது. இலங்கையின் விலங்குகள் சட்டமும் 1958தான். அங்கே பசுவுக்குப் பன்னிரண்டு வயது என்று கோடு நகர்ந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சான்று கொடுக்கவேண்டிய மருத்துவருக்குப் பல்லைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. ஏறக்குறைய இரண்டு வயதில் நடுவில் ஒரு ஜோடிப் பால்பல் விழுந்து அகலமான பல் முளைக்கும். அப்புறம் நாலு பல், ஆறு பல் என்று ஜோடி ஜோடியாக ஏறி, ஐந்து வயதுவாக்கில் கடைப்பல்லும் முளைத்து வரிசை நிறைந்துவிடும். சந்தைத் தரகர் வாயைத் திறந்து சொல்லும் கணக்கு அதோடு முடிந்தது. அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்து ஊகிக்கவேண்டும். கல்லும் முள்ளுமான காட்டில் மேய்ந்த மாட்டுக்குச் சீக்கிரம் தேயும், வைக்கோலும் தவிடும் தின்ற மாட்டுக்கு மெதுவாகத் தேயும். ஈன்ற கன்றுக்கு ஒன்றாகக் கொம்பில் வளையம் விழும் என்பதும் ஒரு கணக்குதான். விற்பவர் முந்தின நாளே கொம்பைச் சீவி எண்ணெய் தடவியிருப்பார். விடியுமுன் தொட்டி வாசலில், டார்ச் வெளிச்சத்தில், நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் எட்டுப் பல்லையும் பார்க்கிறார். படிவத்தில் வயது என்ற கட்டம் காலியாக இருக்கிறது. சற்றுத் தயங்கி, பத்துக்கு மேல் என்று எழுதுகிறார்.